ஏல நேரத்தில் தொங்கிய சர்வர்

போன ஞாயிறு விடியற்காலை ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் மூன்று துறையிலும் மீன் ஏலம் முடியும்வரை எங்கள் சர்வர் ஒரு தடவைகூடத் திணறவில்லை. மூன்று வாரம் இதற்காகத்தான் தூக்கம் கெட்டேன். எந்த நம்பரை எப்போது மாற்றினேன், எது கைகொடுத்தது, எது கவிழ்த்தது என்பதெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

கமிஷன் கடைகளுக்காக நானும் நண்பர் ஒருவரும் எழுதிய செயலி இது. சரக்கு ஏலம் போனதும் கடைக்காரர் போனிலேயே பில் போடுவார். இறால், நண்டு, கணவாய், மீன் எனப் போய்க் கடைசியில் சங்காயம் எனப்படும் கழிவு மீன். பில் ஏறியதும் படகு உரிமையாளருக்கு ஒன்று, சரக்கு எடுத்த வியாபாரிக்கு ஒன்று என இரண்டு எஸ்எம்எஸ் போகும். இது போக, மூன்று துறையிலும் அந்த நிமிடம் என்ன விலை ஓடுகிறது என்று காட்டும் விலைப்பலகை ஒன்று உண்டு. அதைச் சுமார் 600 போன்களில் வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஓடுவது மாதம் 3,400 ரூபாய் வாடகைக்கு எடுத்த ஒரே சர்வரில்: 4 கோர், 8 ஜிபி நினைவகம். முன்னால் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ், அதன் பின்னால் எங்கள் ஜாவா நிரலை ஓட்டும், ஸ்பிரிங் பூட்டுக்குள் இருக்கும் டாம்கேட், அதே பெட்டியில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்.

இங்கே விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் விடியலில் கரை திரும்பும். அதனால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை 5 மணியிலிருந்து 7 மணி வரைதான் சர்வருக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் அது சும்மா கிடக்கும். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு. அந்த இரண்டு மாதம் நாட்டுப்படகுச் சரக்கு மட்டும்தான். நான் சோதித்துப் பார்த்திருக்க வேண்டிய காலம் அது. சும்மா விட்டுவிட்டேன்.

தடைக்காலம் முடிந்து முதல் தடவை போன படகுகள் செவ்வாய் விடியலில் திரும்பின. இரண்டு மாதம் விசைப்படகு வலை படாத கடல், சரக்கு கொட்டியது. 5:10-க்கு முதல் போன் வந்தது. பாம்பன் கடைக்கார அண்ணன். "தம்பி, சுத்திக்கிட்டே இருக்கு. பில்லு ஏறுச்சா இல்லையான்னு தெரியல." பின்னால் ஏலக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அங்கே யாரும் சர்வருக்காக நிற்க மாட்டார்கள், ஐஸ் உருகிக்கொண்டிருக்கும். நான் தங்கச்சிமடத்தில் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறேன், என்ஜின்எக்ஸ் பதிவில் வரிசையாக 504, அதாவது பின்னாலிருந்து நேரத்துக்குப் பதில் வரவில்லை என்ற பிழை. டாம்கேட் உயிரோடுதான் இருக்கிறது, பதில்தான் வரவில்லை. சிபியு 12 சதவீதம்.

அந்த 12 சதவீதத்தை அன்றைக்கே உற்றுப் பார்த்திருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். சர்வர் திணறுகிறது, ஆனால் சிபியு சும்மா இருக்கிறது என்றால், உள்ளே யாரோ எதற்கோ காத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். நான் ஆள் பற்றவில்லை என்று நினைத்தேன்.

டாம்கேட்டில் ஒரே நேரத்தில் வேலை செய்யும் த்ரெட் (ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் ஓர் ஆள் மாதிரி) சொல்லாமல் விட்டால் 200. அதை 800 ஆக்கினேன். காத்திருப்பு வரிசையான அக்செப்ட் கவுன்ட் 100 என்று இருந்ததை 1000 ஆக்கினேன். திருப்தி வராமல் புதன் இரவு சர்வரையும் 8 கோர், 16 ஜிபிக்கு ஏற்றினேன். மாத வாடகை 6,800 ஆனது.

வியாழன் காலை 5:15-க்கு மறுபடி தொங்கியது. இந்தத் தடவை இன்னும் மோசம். முன்பு 200 கோரிக்கைகள் உள்ளே சிக்கின, இப்போது 800. விலைப்பலகை 5 விநாடிக்கு ஒரு தடவை சர்வரைக் கேட்கும். முந்தைய கேள்விக்குப் பதில் வந்ததா என்று பார்க்காமல் அடுத்ததைக் கேட்கும்படி நாங்களே எழுதி வைத்திருந்தோம். ஆக, கேட்டவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு போன பிறகும் அவருடைய பழைய கேள்விகள் வரிசையில் நின்றன. அக்செப்ட் கவுன்ட்டை ஏற்றியதில் துளி பயனும் இல்லை. அதற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. டாம்கேட் முதலில் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் அளவுக்கு இணைப்புகளை உள்ளே எடுத்துக்கொள்ளும். அந்த அளவு சொல்லாமல் விட்டால் 8192. அது நிரம்பிய பிறகுதான் அக்செப்ட் கவுன்ட்டுக்கு வேலையே வரும். எங்களிடம் அது ஒரு நாளும் நிரம்பியதில்லை.

அன்று நடந்த இன்னொன்றுதான் எனக்கு நிஜமாகவே வலித்தது. பில் ஏறவில்லை என்று நினைத்துக் கடைக்காரர்கள் சேமி பொத்தானை இரண்டு, மூன்று தடவை அமுக்கியிருக்கிறார்கள். ஈரக் கை, செதில் ஒட்டிய திரை, முன்னால் ஆள் நிற்கிறார்; அமுக்கத்தான் செய்வார்கள். சர்வர் மூச்சு விட்டதும் எல்லாமே ஏறிவிட்டன. 37 பில்கள் இரட்டை. மண்டபத்தில் படகு வைத்திருக்கும் ஓர் அக்கா கூப்பிட்டார். "நண்டு நாப்பத்திரெண்டு கிலோன்னு ரெண்டு தடவை வந்திருக்கு தம்பி. எது கணக்கு?" அவருக்கு டீசல் கடன் அந்தத் தொகையிலிருந்துதான் கழியும். 37 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கடைச் சீட்டோடு ஒத்துப் பார்த்து, கையால் ரத்து செய்தேன். மதியம் 2 மணி ஆகிவிட்டது. வேறு எதற்கும் முன்னால் அதை அடைத்தேன்: போனிலேயே பில்லுக்கு ஓர் எண் உருவாகும், அதே எண் மறுபடி வந்தால் டேட்டாபேஸ் ஏற்காது.

அப்புறம் இரண்டாவது தப்பான திருப்பம். பதிவுக் கோப்பில் ஹிகாரி அலறியிருந்தது: 30 விநாடி காத்தும் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கிடைக்கவில்லை என்று. ஹிகாரிதான் கனெக்‌ஷன்களைக் குளம் மாதிரி தேக்கி வைத்துக் கேட்பவருக்குக் கொடுத்து வாங்குவது. அதன் அளவு சொல்லாமல் விட்டால் 10. அடடா, 800 த்ரெட்டுக்கு 10 கனெக்‌ஷனா, இதுதான் சிக்கல் என்று 100 ஆக்கினேன்.

ஞாயிறு முதல் இருபது நிமிடம் அருமையாக ஓடியது. 5:25-க்கு விழுந்தது. போஸ்ட்கிரெஸ் வழக்கமாக விடும் மொத்த இணைப்பே 100. அதிலும் 3 நிர்வாகிக்கென ஒதுக்கியவை. 97 ஆனதும் இனி இடமில்லை என்று கதவைச் சாத்திவிட்டது.

நல்லவேளையாக இந்தத் தடவை உடனே மறுதொடக்கம் செய்யவில்லை. ஜேஸ்டாக் என்ற கருவி ஜாவாவோடு வருவது. அந்த நொடியில் ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடும். பத்துப் பத்து விநாடி இடைவெளியில் மூன்று தடவை எடுத்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மொத்தம் அரை நிமிட வேலை. முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

மூன்று கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 800 த்ரெட்டில் 700 சொச்சம் ஒரே வரியில் நிற்கின்றன: ஹிகாரியிடம் கனெக்‌ஷன் கேட்டுக் காத்திருக்கின்றன. சுமார் 90 த்ரெட் இன்னொரு வரியில்: எஸ்எம்எஸ் நிறுவனத்தின் சர்வரிலிருந்து பதிலைப் படிக்கக் காத்திருக்கின்றன. பத்து விநாடி கழித்து எடுத்ததிலும் அதே த்ரெட், அதே வரி. போஸ்ட்கிரெஸ்ஸில் யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் அட்டவணையைத் திறந்தால், அங்கேயும் சுமார் 90 வரிசைகளில் 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' என்று நின்றது. டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கிறது என்று பொருள். (ஏறினால் முழுதாக ஏற வேண்டும், இல்லையேல் ஒன்றும் ஏறக் கூடாது என்று சேர்த்துக் கட்டிய டேட்டாபேஸ் வேலைகள்தான் டிரான்சாக்‌ஷன்.)

பில்லைச் சேமிக்கும் டிரான்சாக்‌ஷனுக்குள்ளேயே எஸ்எம்எஸ் அனுப்பும் வரியும் இருந்தது. எழுதியது நான்தான், இரண்டு வருடத்துக்கு முன்னால். கனெக்‌ஷனைக் கையில் பிடித்தபடியே வெளியூர் சர்வருக்குப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த அழைப்புக்கு நேர வரம்பும் வைக்கவில்லை; எதிர்முனை ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால் இதுவும் ஒரு நிமிடம் நிற்கும்.

காகிதத்தில் கணக்குப் போட்டேன். உச்ச நேரத்தில் விநாடிக்கு 2 பில். தடைக்காலத்துக்கு முன்னால் ஓர் எஸ்எம்எஸ்ஸுக்கு 0.3 விநாடி, பில்லுக்கு இரண்டு, ஆக 0.6 விநாடி. இரண்டையும் பெருக்கினால் 1.2; சராசரியாக ஒன்றேகால் கனெக்‌ஷன்கூட வேண்டாம். முதல் செவ்வாயன்று ஓர் எஸ்எம்எஸ் 2.5 விநாடி எடுத்திருக்கிறது. பில்லுக்கு 5 விநாடி, பெருக்கினால் 10. குளத்தில் இருந்ததே 10. விலைப்பலகை கேட்கும் கேள்விகள் விநாடிக்கு 90, ஒவ்வொன்றும் 15 மில்லி விநாடி. அதற்குத் தேவை ஒன்றரைக்கும் குறைவுதான். அந்த ஒன்றரைக்குத்தான் இடமில்லாமல் மொத்தமும் அடைத்துக்கொண்டது. ஞாயிறன்று ஓர் எஸ்எம்எஸ் 20 விநாடிக்கு மேல் இழுத்ததால் கிடைத்த 97 கனெக்‌ஷனும் அதே வழியில் போயின. விநாடிக்கு எத்தனை வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி பிடித்து வைக்கிறது, இரண்டையும் பெருக்கு. இந்த ஒரு பெருக்கலை முதலில் போட்டிருந்தால் 800-ம் வந்திருக்காது, 100-ம் வந்திருக்காது.

ஞாயிறு மதியமே எஸ்எம்எஸ் வரியை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே, அது முடிந்த பிறகு ஓடும்படி நகர்த்தினேன். செவ்வாய் நிம்மதியாக உட்கார்ந்தேன். 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' ஒன்றுகூட இல்லை. ஆனால் ஹிகாரியின் கணக்கில் கையில் இருக்கும் கனெக்‌ஷன்கள் குறையவே இல்லை. போஸ்ட்கிரெஸ் பக்கம் வெறும் 'ஐடில்' என்று காட்டுகிறது, ஹிகாரி பக்கம் எல்லாம் வேலையில் இருப்பதாகச் சொல்கிறது. டிரான்சாக்‌ஷன் முடிந்துவிட்டது, கனெக்‌ஷன் மட்டும் திரும்பவில்லை. ஒன்றரை நாள் இதிலேயே போனது. கச்சான் காற்று வீசும் மாதம், கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது.

விடை ஒவ்வொரு நாளும் என் கண் முன்னால்தான் இருந்தது. ஸ்பிரிங் பூட் தொடங்கும்போதெல்லாம் ஓர் எச்சரிக்கை வரி எழுதும்: ஓபன் இன் வியூ இயங்கும் நிலையில் இருக்கிறது என்று. இரண்டு வருடமாக அந்த வரியைக் கடந்து போயிருக்கிறேன். அது இயங்கினால், கோரிக்கை டேட்டாபேஸை முதலில் தொட்ட நொடியிலிருந்து பதில் போய் முடியும்வரை கனெக்‌ஷன் அந்தக் கோரிக்கையின் கையிலேயே இருக்கும்; நடுவில் டிரான்சாக்‌ஷன் முடிந்தாலும் விடாது. அதை அணைத்தேன். அணைத்ததும் இரண்டு திரைகள் உடைந்தன. படகு விவரத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு எழுதியிருந்த இடங்கள் அவை. வினவலிலேயே சேர்த்து எடுக்கும்படி மாற்ற ஒரு மாலை நேரம் போதுமானதாக இருந்தது.

இதோடு எஸ்எம்எஸ்ஸைக் கோரிக்கையிலிருந்தே பிரித்தேன். பில் சேமிக்கும்போது அனுப்ப வேண்டிய செய்தியும் ஒரு தனி அட்டவணையில் ஒரு வரியாக ஏறும், அவ்வளவுதான். பின்னணியில் தனியாகச் சில த்ரெட்கள் அதிலிருந்து எடுத்து அனுப்பும். எடுக்கும்போது, பிறர் பூட்டிய வரிகளைத் தாண்டி அடுத்ததை எடுக்கும் ஸ்கிப் லாக்டு வசதியைப் பயன்படுத்தினேன். இங்கே ஒரு கவனம் வேண்டும். வரியைப் பூட்டி வைத்துக்கொண்டே எஸ்எம்எஸ் அனுப்பினால் பழைய தப்பு புது இடத்தில் வந்து உட்காரும். 'எடுத்தாச்சு' என்று குறித்து, டிரான்சாக்‌ஷனை முடித்து, கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் வெளியே பேச வேண்டும். இணைக்க 2 விநாடி, பதிலுக்கு 5 விநாடி, மீறினால் விட்டுவிட்டு மறுபடி, மொத்தம் மூன்று முயற்சி.

இனி எத்தனை த்ரெட், எத்தனை கனெக்‌ஷன் என்பதை அளந்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. முதலில் வீட்டு லேப்டாப்பிலிருந்தே டபிள்யூஆர்கே கருவியால் சுமை ஏற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வந்தது. நான் அளந்தது சர்வரை அல்ல, தங்கச்சிமடத்து மொபைல் இணைய வேகத்தை. பிறகு அதே தரவு மையத்தில் மணிக்கணக்கு வாடகைக்கு இன்னொரு சின்ன சர்வர் எடுத்து அங்கிருந்து அடித்தேன். மூன்று மணி நேரம், 60 ரூபாய். பெரிதாக்கிய சர்வரையும் அதற்கு முன்பே பழைய 4 கோருக்கு இறக்கிவிட்டேன்.

ஒன்பது விலைக் கேள்விக்கு ஒரு பில் என்று கலந்து, குள அளவை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டினேன். 5 வைத்தால் விநாடிக்கு 310 கோரிக்கை முடிந்தது. 10-க்கு 520. 15-க்கு 530. 20-க்கு 515. 40 வைத்தபோது 460-க்கு இறங்கியது, கூடவே நூற்றில் மிக மெதுவான ஒரு கோரிக்கையின் காத்திருப்பு இரண்டு மடங்கானது. 4 கோர்தான் இருக்கிறது. 40 பேரை ஒரே நேரத்தில் உள்ளே விட்டால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். 10-இலேயே நிறுத்தினேன். தொடங்கிய இடத்துக்கே வந்து நின்ற அளவு அது, ஆனால் இப்போது ஏன் 10 என்று தெரியும்.

த்ரெட்டை 50 ஆக்கினேன். 100, 200 இரண்டிலும் வேகம் கூடவில்லை. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் 300, அக்செப்ட் கவுன்ட் 50. ஹிகாரியிடம் காத்திருக்கும் நேரத்தை 30 விநாடியிலிருந்து 2 ஆக்கினேன். என்ஜின்எக்ஸ் டாம்கேட்டுக்காகக் காத்திருப்பதை 60-இலிருந்து 10 ஆக்கினேன். ஏலத்தில் நிற்பவருக்கு இரண்டு விநாடியில் 'முடியவில்லை, மறுபடி அமுக்குங்கள்' என்று தெரிவது, அரை நிமிடம் சுற்றிக்கொண்டிருப்பதைவிட நூறு மடங்கு மேல். இரட்டைப் பில் பயம் போய்விட்டதால் தைரியமாக அப்படிச் சொல்ல முடிந்தது. என்ஜின்எக்ஸுக்கும் டாம்கேட்டுக்கும் நடுவே 32 இணைப்புகளை மூடாமல் வைத்திருக்கச் சொன்னேன். என்ஜின்எக்ஸின் வொர்க்கர் கனெக்‌ஷன்ஸ் எங்கள் உபுண்டுவில் ஒரு வொர்க்கருக்கு 768 என்று இருக்கிறது. ஒரு போனுக்கு முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு போனாலும் 600 போனுக்கு 1200, நான்கு வொர்க்கருக்கு மொத்தம் 3072. அதில் கை வைக்கவில்லை.

கடைசியாக விலைப்பலகை. ஒரே துறையின் விலையை 200 பேர் கேட்டால் 200 தடவை டேட்டாபேஸைத் தட்ட வேண்டியதில்லை. என்ஜின்எக்ஸே 2 விநாடி வைத்திருந்து கொடுக்கலாம். ஆனால் ஏலத்தில் 2 விநாடி பழைய விலை சரிப்படுமா என்று எனக்குத் தெரியவில்லை. பாம்பன் அண்ணனிடமே கேட்டேன். "ஒரு கூடையைத் தூக்கி வைக்கிறதுக்கே அதைவிட நேரம் ஆகுமே தம்பி" என்றார். போட்டுவிட்டேன். விநாடிக்கு 90 கேள்விகளில் டாம்கேட்டுக்கு வருவது இப்போது ஒன்றோ இரண்டோதான். பத்து வரிக்கும் குறைவான மாற்றம் அது.

அடுத்த தடவை செய்வதாக இருந்தால் இந்தத் தற்காலிகச் சேமிப்பை முதல் நாளே போடுவேன். வெளியே பேசும் ஒவ்வொரு அழைப்புக்கும் நேர வரம்பு வைக்காமல் நிரலை ஏற்றவே மாட்டேன். ஹிகாரியிடம் காத்திருப்போர் எண்ணிக்கை 5-ஐத் தாண்டினால் போனில் மணி அடிக்கும்படி இப்போது வைத்திருக்கிறேன். அது முதலிலேயே இருந்திருந்தால் தடைக்காலத்துக்கு முன்பே ஏதாவது ஒரு காலை எனக்குச் சொல்லியிருக்கும். பெரிய சர்வருக்குக் கூடுதலாகக் கட்டிய 3,400 வீண்.

போன ஞாயிறு கணக்கு இது. ஹிகாரியில் ஒரே நேரத்தில் வேலையில் இருந்தது அதிகபட்சம் 6. காத்திருந்தது பூஜ்யம். இரட்டைப் பில் இல்லை. எஸ்எம்எஸ் வரிசைதான் இன்னும் முழுத் திருப்தி இல்லை. முதலில் 4 த்ரெட் வைத்திருந்தேன். வியாழன் பத்தே நிமிட நெரிசலில் 1,400 செய்தி தேங்கிவிட்டது. 8 ஆக்கினேன். எங்கள் கணக்குக்கு அந்த நிறுவனம் ஒரே நேரத்தில் 10 இணைப்புதான் விடும், அதனால் அதற்கு மேல் ஏற்ற இடமில்லை. ஞாயிறு 5:40-க்கு 212 தேங்கி, 6 மணிக்குள் தீர்ந்தது. மண்டபத்து அக்கா கூப்பிட்டார். கணக்கு சரியாம், ஆனால் கடையை விட்டுக் கிளம்பி வீட்டுக்கு வந்த பிறகுதான் செய்தி வந்ததாம். கையில் செய்தி இருந்தால்தான் அங்கேயே நின்று கேட்க முடியும் என்றார். உரிமையாளருக்குப் போகும் செய்தியை வரிசையில் முன்னால் நகர்த்தும் வேலையை இன்று தொடங்கியிருக்கிறேன். வியாழனுக்குள் ஏற்றிவிட வேண்டும்.